சத்தம் போடாத கீபோர்டு

காது மெஷின் பழுது பார்க்கும் கிளினிக்கில் வேலை பார்க்கும் அவளை, ஒலியை அளக்கும் அலகின் பெயரால் டெசிபல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபேன் லேசாக முனகினாலும் சத்தம் அளக்கும் மீட்டரை எடுத்து அளக்காவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. சனிக்கிழமை நாலு மணிக்கு ஆன்லைனில் பாறை தாண்டும் ஆட்டம். ஐந்து பேர் அணியில் அவளும் ஒருத்தி. அதே நேரம், அதே அறையில், பீரோவுக்கு அந்தப் பக்கம், கணக்கு வாத்தியாரான அண்ணன் பாடம் பதிவு செய்வார். ஆறு மணிக்குள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

அவளுடைய மெக்கானிக்கல் கீபோர்டு போட்ட சடசடப்பில் போன வாரப் பாடம் பாழானது. "மழை பெய்யுதா சார்?" என்று பிள்ளைகள் கேட்டார்களாம்.

"இன்னொரு தடவை அந்தச் சத்தம் வந்துச்சு, சனிக்கிழமை ஆட்டத்தை மறந்துடு," என்றார் அண்ணன். அவர் சொன்னால் சொன்னதுதான். அந்த ஆட்டம் இல்லாத வாரத்தை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் அந்த மீட்டரோடு கீபோர்டு கடைக்குப் போய் நின்றாள்.

"கேம்னா மெக்கானிக்கல்தான் மேடம். ரப்பர் சவ்வு வெச்சதெல்லாம் ஆபீஸ்ல லெட்டர் அடிக்க," என்றார் கடைக்காரர்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரப்பர் கீபோர்டுகளை வரிசையாக வைத்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு பட்டனாகத் தட்டி அளந்தாள். இருப்பதிலேயே பரம சாதுவானதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து ஆட்டத்தைப் போட்டு ஓடி, திரும்பி, குதித்தாள். பள்ளத்தில் விழுந்தாள். பதினோரு தடவை விழுந்த பிறகுதான் உறைத்தது: ஓட, திரும்ப, குதிக்க என்று மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது வேலையே செய்யவில்லை. காதுப் பரிசோதனையில் ஒரு நேரத்தில் ஒரு ஒலிதானே அனுப்புவார்கள்? அந்தப் பழக்கத்தில் இந்த மேதாவி மூன்றையும் சேர்த்து அழுத்திப் பார்க்கவே இல்லை.

திரும்பக் கடைக்கு. "வேற மூணு பட்டன்னா வேலை செய்யுதே, அது எப்படி?" என்று குடைந்தெடுத்தாள். கடைக்காரருக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. உடைந்து கிடந்த ஒன்றைப் பிரித்தார். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள், அவற்றின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்.

"ஒரே கோட்டைப் பல பட்டன் பங்கு போட்டுக்குது மேடம். மூணு சேர்ந்தா சில சமயம் எது எதுன்னு இதுக்குக் குழம்பிடும்."

இந்த முறை எல்லாவற்றையும் மும்மூன்றாக அழுத்திப் பார்த்தாள். முந்தையதைவிடக் கொஞ்சம் சத்தம் கூடுதல்தான். ஆனால் மூன்றையும் ஏற்ற ஒன்று கிடைத்தது.

சனிக்கிழமை. அணியில் மற்ற நாலு பேரும் விழுந்தாயிற்று. கடைசிப் பாறை. ஓடினாள், திரும்பினாள், குதித்தாள்.

"தாண்டிட்டேன்!"

ஹெட்போன் மாட்டினால் குரல் தானாக உயரும் என்று தினமும் பிறருக்குச் சொல்கிறவள்தான் இப்படிக் கத்தினாள். ஹெட்போனைக் கழற்றும்போது அண்ணன் எதிரே நின்றார். பாடத்தின் பதிவை ஓடவிட்டார்.

கீபோர்டு சத்தம் துளிகூட இல்லை. வர்க்கமூலப் பாடத்துக்கு நடுவில் அவள் கத்தல். அதையடுத்து, அதைவிடப் பலமாக, அண்ணனின் குரல்: "அப்பாடா!"

பீரோ இடுக்கு வழியாக அவள் திரையையே பார்த்துக்கொண்டு பாடம் எடுத்திருக்கிறார் மனுஷன்.

"அடுத்த வாரம் மூணு மணிக்கே பாடத்தை முடிச்சுடறேன்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.