பதினெட்டு கேஜ் பெட்டியும் எட்டாவது வரியும்

சென்ற வாரம் நடந்தவை, வரிசைப்படி:

1. கேம் விளையாடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய, அக்கா வீட்டுக்காரரான மாமாவுக்கு எட்டு வரியில் ஒரு லிஸ்ட் எழுதிக் கொடுத்தேன்.

2. எண்ணூரில் நான் வேலை பார்க்கும் ஆலையில் ஷட்டவுன், மெஷின்களை நிறுத்திப் பராமரிப்பு வேலை, யாருக்கும் லீவு கிடையாது. அதனால் கூடப் போக முடியவில்லை.

3. மாமா தனியாக, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கி, அங்கேயே மாட்டி, ஆட்டோவில் கொண்டுவந்தார்.

4. ஞாயிற்றுக்கிழமை காலை கார் ரேஸ் சிடியைப் போட்டோம். கார் ஓடியது என்று சொல்ல முடியாது. ஒரு படம்... கொஞ்சம் யோசனை... அடுத்த படம்.

5. வரிசையில் விட்டுப்போனது: அதற்கு இரண்டு நாள் முன்பே அக்கா மாதக் கடைசியோடு வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஐந்தாவதுதான் விஷயம். அக்கா வசந்தாவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. இரண்டு வயதுக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, காலை ஏழு மணிக்கே கம்பெனி பஸ் ஏறுகிறவள். திருவொற்றியூர் வீட்டின் முன்னறையில் ஒரு கேம் சென்டர் வைத்தால் வீட்டிலேயே இருக்கலாம் என்பது அவள் கணக்கு. முதலில் ஒரு மெஷின். ஓடினால் இரண்டாவது. தெருவில் எல்லோரும் கேட்பது கார் ரேஸ்தான். அது ஓடாத மெஷினுக்கு யார் காசு கொடுத்து உட்காருவார்கள்?

கம்ப்யூட்டர் பெட்டியை, அதாவது கேபினட்டைத் திறக்கலாம் என்று என் பக்கம் திருப்பப் பார்த்தேன். அசையவில்லை. மேலே இரும்புக் கைப்பிடி. பக்கவாட்டில் பூட்டுப் போடக் கொண்டி. இரண்டும் வெல்டிங்.

“மாமா, இது என்ன?”

“நம்ம தோஸ்துகிட்ட சொல்லி அடிச்சேன் மா. நாலு பேரு வந்து போற எடம். எவனாவது தூக்கிகினு பூட்டான்னா?”

“கிராபிக்ஸ் கார்டு எங்க?”

“அதுவா... கடசீல ஒரு சின்ன அட்டையக் காட்னான். உள்ளங்கை அகலம் கீது. அதுக்கு இன்னா ரேட்டு சொல்றான் தெரியுமா? கையிலயும் அவ்ளோ துட்டு மிச்சம் இல்ல. போர்டுலயே படம் வர்ற மாதிரி ஒரு போர்டு கீது, கார்டே வேணாம்னான். சரின்ட்டேன்.”

“துட்டு எங்க போச்சு?”

“பொட்டில கீது. சர்வருக்குப் போடற பொட்டி மா. பதினெட்டு கேஜ் தகடு. தட்டிப் பாரு.”

தட்டிப் பார்த்தேன். நல்ல தகடுதான். மாமா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பதினைந்து வருடமாகத் தகடு வெட்டுகிறார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே தகட்டின் கனம் எத்தனை கேஜ் என்று சொல்வார். அவரை இரும்பில் யாரும் ஏமாற்ற முடியாது. ஆகவே யாரும் ஏமாற்றவில்லை. கொடுத்த காசுக்குச் சரியான இரும்பு வந்திருக்கிறது.

உள்ளே பார்த்தேன். எல்லாப் பாகமும் உட்காரும் அந்த போர்டில், கேம் படத்தை வேகமாக ஓட்டும் கார்டைச் செருகுவதற்கான இடமே இல்லை.

ஷட்டவுன் முடிந்துவிட்டதால், மறுநாள் லீவு போட்டுவிட்டு மாமாவுடன் கடைக்குப் போனேன். கடைக்காரர் நியாயமாகத்தான் பேசினார். “போர்ட மாத்தித் தரேன் மேடம். வித்தியாசம் கொஞ்சம்தான் வரும். கேபினட்ட மட்டும் திருப்பி எடுத்துக்கச் சொல்லாதீங்க. நான் குடுக்கும்போது இதுக்குக் கைப்புடி இல்ல.”

பட்ஜெட்டில் வாங்கும்போது நாம் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம், இல்லையா? தெரிந்த பொருளுக்குத் தாராளமாகக் கொடுப்போம். தெரியாத பொருளின் காசில் கை வைப்போம். தட்டிப் பார்க்க முடிந்தது தப்பித்துவிடும்... இப்படி ஒரு பத்தி எழுதி, பழியை மாமா தலையில் போட்டுவிட்டு, இந்த வாரக் கட்டுரையை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று மாலை அக்கா வேலையிலிருந்து வந்தாள். நானும் மாமாவும் மாறி மாறிப் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

“ரெண்டு பேரும் அப்பறமா சண்ட போட்டுக்கங்க. இதுல எத வாங்குனா கார் ஓடும்?”

“கார்டு” என்றேன்.

“அப்போ அத ஏன்டீ கடசில எழுதுன?”

லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் வரி கேபினட். எட்டாவது வரி கிராபிக்ஸ் கார்டு. மாட்டுகிற வரிசையில் எழுதியிருக்கிறேன். முதலில் பெட்டி, அதற்குள் போர்டு, கடைசியில் கார்டு. ஆலையில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். மாமாவோ மேலிருந்து வாங்கிக்கொண்டே போயிருக்கிறார். காசு தீர்ந்த இடத்தில் நின்றிருந்தது கார்டு. எந்த வரிக்கும் பக்கத்தில் இது எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

“நான் அப்பவே சொன்னேன், லிஸ்ட்டுல இன்னாவோ கீதுன்னு” என்றார் மாமா. அவர் அப்போது எதுவும் சொல்லவில்லை. அக்கா திரும்பிப் பார்த்ததும் பெட்டியின் கைப்பிடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

இன்றைய நிலவரம். போர்டை மாற்றியாகிவிட்டது. கார்டுக்கு இடம் வந்துவிட்டது, கார்டு வரவில்லை. அக்கா சூப்பர்வைசரிடம் பேசி, எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டாள். கார்டுக்குக் காசு சேர இன்னும் இரண்டு மாதம் தைக்கப் போகிறாள். கார்டு விலையில் பாதி என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன், அவளும் மறுக்கவில்லை. அதுவரை குழந்தை பக்கத்து வீட்டில்தான் இருக்கும்.