அக்காவின் ஐந்து வோல்ட்

மேடையில் நான் பொய் சொன்னது ஒரே ஒருமுறை. இதுவரை எனக்குக் கிடைத்தவற்றுள் பெரிய கைத்தட்டல் அதற்குத்தான் கிடைத்தது.

அப்போது பாம்பனில் நான் எட்டாம் வகுப்பு. அக்கா பத்தாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, வீட்டு மின்சாரத்தை நிலையான ஐந்து வோல்ட் நேர்த்திசை மின்சாரமாக்கும் கருவி ஒன்றை அவள் செய்தாள். பழைய ரேடியோவின் டிரான்ஸ்பார்மர், நான்கு டையோடுகள், ஒரு கெப்பாசிட்டர், மூன்று கால் ரெகுலேட்டர். முதல்முறை கெப்பாசிட்டரைத் தலைகீழாக மாட்டி வெடிக்கவைத்தாள். அடுத்து ரெகுலேட்டர் கொதித்தது. சூடு இறங்க, இட்லித் தட்டொன்றை வெட்டி ரெகுலேட்டரின் முதுகில் திருகினாள். தட்டு குறைந்தது அம்மாவுக்குத் தெரிய ஒரு வாரமாயிற்று. அதன்பின் வீட்டு மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் மீட்டர் முள் ஐந்தைவிட்டு அசையவில்லை.

அவள் விரும்பியது பரிசை அல்ல. கடலுக்குப் போகாத நாளில் அப்பா, எங்கள் அய்யா, வந்து பார்க்க வேண்டும்; பார்த்தபின் பாலிடெக்னிக் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். அவளுக்குத் திக்குவாய். ஆகவே விளக்கவுரையை அவள் எழுத, பேச்சுப் போட்டிக் கோப்பைகளை அடுக்கிவைத்திருந்த நான் பேசுவதாக ஏற்பாடு.

"இதை என் அக்கா செய்தாள்" என்றுதான் எழுதியிருந்தாள். எனக்கு அது சப்பென்று இருந்தது. கூட்டத்தைக் கண்டதும் என் நாக்கு ஓசையைத் தேடிப் போயிற்று: "நான் அளந்தேன்; நான் இணைத்தேன்; நான் நிலைநிறுத்தினேன்." அரங்கம் கைதட்டியது.

அய்யா அருகில் வந்தார். "நீயா தாயி செஞ்ச?"

நான் புன்னகைத்தேன். அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "நா... நா..."

அவள் சொல் தடுக்கும்போதெல்லாம் முடித்துவைப்பது வீட்டில் என் வழக்கம். அன்றும் முடித்துவைத்தேன். "நாளைக்கு வீட்டுல போட்டுக் காட்டுறோம்னு சொல்ல வாரா, அய்யா."

"இதுக்கா ஆத்தா இந்தத் திணறு திணறுற," என்று அய்யா சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

கருவாடு காயும் மணலோரமாக வீடு திரும்பும்போது அய்யாவின் தீர்ப்பு வந்தது.

"பெரியவளுக்குத் தையல் போதும். மிசினுப் படிப்புக்கு இந்தச் சின்னவதான் லாயக்கு."

இரண்டாண்டு கழித்து அந்த விண்ணப்பம் என் பெயரில் போயிற்று. டையோடை எந்தப் பக்கம் மாட்டுவது என்று நான் அக்காவைத்தான் கேட்டேன். தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொல்லித்தந்தாள், ஓரிடத்திலும் திக்காமல்.

ஆனால் அன்று மணலில் திரும்பிப் பார்த்தபோது, அவள் கருவியை நெஞ்சோடு அணைத்தபடி பேசாமல் வந்துகொண்டிருந்தாள். மறுத்துப் பேசாத தரப்பு ஒப்புக்கொண்டதாகவே பொருள் என்பது எங்கள் விவாத மேடையின் விதி. எனக்கு அந்த விதி மட்டுமே தெரிந்திருந்தது.