கேம் சென்டரில் சில துப்பாக்கிகள்

கேம் சென்டர் நடத்துவதில் பெரிய கஷ்டம் கம்ப்யூட்டர் கெட்டுப்போவது இல்லை. ‘பிள்ளைகளைக் கெடுக்கிறவள்’ என்ற பேரோடு காய்கறிக் கடைக்குப் போய்வருவதுதான். வீட்டில் ஒரு பிள்ளையையும் ஒரு போனையும் சேர்த்து வைத்திருக்கிற உங்களுக்கு இந்தப் பாடு விளங்கும். கேரள எல்லையில் வடகரப்பதிப் பக்கம், கோயமுத்தூர் பஸ் திரும்புகிற முக்கில் என் கடை. துப்பாக்கி விளையாட்டெல்லாம் பதினெட்டு வயதுக்கு மேல்தான் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். படிக்கிறவர்கள் குறைவு.

கறிக்கடைக்காரர்

தங்கவேல் பிராய்லர் கடை வைத்திருப்பவர். வியாபாரம் முடிந்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் வருவார். ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறாரே என்று முதல் நாள் நானே ஒரு சண்டை விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேறு இருக்கிறதா என்று கேட்டார். லாரி ஓட்டுகிற விளையாட்டைக் காட்டினேன். பனி கொட்டுகிற ஏதோ தேசத்து ரோட்டில், எதிரே ஒரு வண்டியும் வராமல், அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே போனார். லாரி டிரைவராக வேண்டும் என்றுதான் ஆசையாம். அப்பா இறந்ததும் கடை அவர் தலையில் விழுந்துவிட்டது. சண்டை ஏன் பிடிக்கவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

“பகலெல்லாம் நெசமாவே அறுக்கறனுங்கக்கா. இங்க வந்தும் அதையேவா?”

அம்மா பார்க்க வந்த விளையாட்டு

சதீஷ் பெங்களூரில் ஒரு கேம் கம்பெனியில் ஓவியர். மலையும் மேகமும் வரைய வேண்டுமென்று போனவர். லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, மகன் வேலை செய்த விளையாட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அவருடைய அம்மாவும் கூடவே கடைக்குக் கிளம்பி வந்துவிட்டார். திரையில் ஒருவன் சுட்டான். இன்னொருவன் சுவரில் சாய்ந்தான். சுவரெல்லாம் சிவப்பு. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இதில் நீ வரைந்தது எது என்று கேட்டார். சதீஷ் சற்று யோசித்துவிட்டு, தூரத்தில் தெரிந்த மலையைக் காட்டினார். நம்ம ஊரிலிருந்து தெரிகிற மாதிரியே இருக்கிறதென்று அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த சதீஷிடம், மலை நன்றாக இருந்தது என்றேன். அது வேறொருவர் வரைந்தது என்றார். உங்களுடையது எது என்றதற்குச் சுவரைக் காட்டினார். சின்னப் பிள்ளைகள் கண்ணில் படுமே, இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

“சுடறது வேற டீமுங்கக்கா. நான் செவப்பு மட்டுந்தான். மலைக்கு மாத்திக் குடுங்கன்னு கேட்டுட்டேதான் இருக்கறேன்.”

ஷார்ஜாவிலிருந்து

நிலா ஒன்பதாவது படிக்கிறாள். துப்பாக்கி விளையாட்டு வேண்டும் என்றாள். ஒட்டியிருந்ததைக் காட்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் ஷார்ஜாவிலிருந்து அவள் அப்பா செந்தில் எனக்குப் போன் செய்தார். லீவு நாளில் அவரும் அங்கிருந்து அதே விளையாட்டை ஆடுகிறாராம். ஒரே அணியில் சேர்ந்தால் விளையாட்டிலாவது மகள் பக்கத்தில் நடக்கலாம், ஊருக்கு வந்து வருஷக்கணக்காகிறது என்றார். அவர் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வீடு கட்டித் தோட்டம் போடுகிற விளையாட்டில் இரண்டு பேரையும் சேர்த்துவிட்டேன். அப்பா ஒரு மூலையில் மரம் நட்டார், மகள் இன்னொரு மூலையில் சுவர் வைத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டார், சாப்பிட்டேன் என்றாள். அதற்குமேல் பேச்சு ஓடவில்லை. நிலா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். “எங்கப்பாவுக்குச் சுட்டாத்தானுங்கக்கா பேச்சு வருது” என்றாள்.

அவள் அம்மா கோமதியை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதாக இருந்தால் விளையாடட்டும் என்றார் அவர். செட்டிங்கில் ரத்தத்தை அணைத்துவிட்டுப் போட்டுக் கொடுத்தேன். செய்தது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியாது. தொடங்கியதிலிருந்து நிலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்படி என்னதான் பேசுகிறார் என்று கோமதி ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார். மகள்தான் கேட்கிறாள் என்று நினைத்துச் செந்தில் பேசிக்கொண்டே இருந்தார்: பயப்படாதே, என் பின்னாலேயே வா, நான் இருக்கிறேன். நிலா கையை நீட்டியபடி காத்திருந்தாள். கோமதி ஹெட்போனைக் கழற்ற வெகுநேரம் ஆனது.

“எங்கிட்ட இப்பிடிப் பேசி எத்தன நாளாச்சுங்கக்கா.”

செய்தவர்கள், விற்றவர்கள், வாங்கிக் கொடுத்தவர்கள் என்று கைமாறிக் கைமாறி பொறுப்பு கடைசியில் என் மேஜைமேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாரிடமாவது திருப்பிக் கொடுக்கலாம் என்று தேடினால், எல்லாரும் வெளியூரில் இருக்கிறார்கள்.