கிழக்குக் கரையென்று நம்பி

பிள்ளையைக் கரையில் விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் ஒன்றாகக் கடலுக்குள் இறங்கலாமா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

கரீபியனில் உள்ள பொனேர் தீவில் படகு தேவையில்லை. கரையிலிருந்தே நடந்து இறங்கி ஸ்கூபா டைவிங் செய்யலாம். கணவரின் தங்கையான மச்சாள் எங்கள் ஐந்து வயது மகள் ஆதிராவைப் பார்த்துக்கொள்ள, நானும் கணவரும் இறங்குவதாகத் திட்டம். இடத்தைத் தெரிவு செய்தது நான். நாங்கள் வசிக்கும் நியூசிலாந்தின் ஓக்லாந்தில் மேற்குக் கடல்தான் மூர்க்கம், கிழக்கு அமைதி. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கிழக்கென்றேன்.

போய்ப் பார்த்தால், அலை பாறையில் மோதி எங்கள் தலைக்கு மேல் சிதறியது.

"கொஞ்ச நேரத்திலை அடங்கிடும்" என்று கணவர் சிலிண்டரை எடுத்தார்.

ஆதிரா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அம்மா, திஸ் இஸ் லைக் பீஹா!" பீஹா எங்கள் மேற்குக் கரை. அங்கே அவளைக் கால் நனைக்கவும் விடமாட்டோம்.

"பிள்ளைக்கு விளங்குது, அண்ணாவுக்கு விளங்கேல்லை" என்று மச்சாள் சிரித்தா.

அந்தத் தீவில் காற்று கிழக்கிலிருந்து வீசுமாம். மேற்கே போனோம், கடல் குளம்போலக் கிடந்தது. ஆனாலும் அந்த அலையைக் கண்டபின் நாங்கள் இருவரும் ஒன்றாக இறங்க மனம் வரவில்லை. கணவர் மகளோடு நிற்க, மச்சாளும் நானும் இறங்கினோம். பவளப்பாறை சரிந்து அடியில்லாத நீலத்துக்குள் போனது. பெரிய ஆமையொன்று என்னை உரசாத குறையாகக் கடந்தது. பயப்படவே மறந்துபோனேன்.

இப்போது எங்கே போனாலும் முதலில் காற்றின் திசையை விசாரிக்கிறேன். எங்களில் ஒருவர் கட்டாயம் கரையில் நிற்கிறோம். ஆனால் அந்த ஆமையை நானும் கணவரும் சேர்ந்து பார்க்கவில்லையே என்ற ஏக்கமும் இருக்கிறது. பிள்ளைகளோடு டைவிங் போகும் பெற்றோரே, நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.