வறுத்த சத்தம்

போன வாரம் கைப்பேசியின் திரை உடைந்துவிட்டது. விழுப்புரம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, போனைப் பிரித்துப் போட்டு, உள்ளே எதையோ பற்றவைத்தார். ஒரு நூல் புகை எழுந்து என் பக்கம் வந்தது. ஈயமும் குங்கிலியமும் சேர்ந்து உருகும் அந்த வாசனை எங்கள் மாதா கோயில் தூபத்துக்குத் தூரத்துச் சொந்தம். அது மூக்கில் ஏறினால் ஒழுங்கான கத்தோலிக்கப் பெண்ணுக்கு ஜெபம் ஞாபகம் வர வேண்டும். எனக்கு வந்தது திண்டிவனத்து ரேடியோ கடை. நான் எப்போதுமே அப்படித்தான், பூசையில் முழங்காலில் இருக்கும்போதும் பாடகர் குழு எங்கே சுருதி விலகுகிறது என்றுதான் கவனிப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் விழுப்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் டீச்சர். இருபது மெஷின்கள் சேர்ந்து கொட்டுகிற சத்தத்தில் காலையும் மாலையும் வேலை. அப்படி வேலை செய்கிறவள் வீட்டுக்கு வந்தால் அமைதியைத் தேட வேண்டும். நான் கிட்டாரைத் தேடுவேன். கல்லூரி நாட்களில் கன்னியர் மட விடுதியில் ஒரு சிஸ்டரிடம் கற்றது. அதே விடுதியில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சிற்றலை ரேடியோவில், ஏதோ ஒரு வெளிநாட்டு நிலையத்தில், தொண்டை கட்டிய மாதிரி ஒரு கிட்டார் கரகரவென்று பாடியதைக் கேட்டேன். என்ன பாட்டு என்று இன்றுவரை தெரியாது. அந்தக் கரகரப்பு மட்டும் என்னை விடவே இல்லை.

எங்கள் கோயில் பங்கில் அக்கார்டியன் வாசிக்கும் அருளப்பன் அண்ணன் ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக்காரர் வீட்டுக் காதுகுத்து எல்லாவற்றுக்கும் போவார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார். சென்னையில் ஒருவர் கழித்துவிட்ட எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கி, கருநீலத்தில் பெயிண்ட் அடித்து, நான் மேடையேறினேன். துணைக்கு அம்மா வருவாள். கச்சேரி முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்பேன். "நல்லா நின்னடி, பொடவ கூட கசங்கல" என்பாள். ஒரு வருஷம் அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரு கச்சேரியில், இடைவேளையின்போது என் ஒயர் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். எல்லா மைக்கும் வந்து சேரும் அந்தப் பெட்டியில் வரிசையாகக் குமிழ்கள். ஒவ்வொன்றின் கீழும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. 'கிட்டார்' என்று எழுதியிருந்த குமிழ் பூஜ்யத்தில் இருந்தது. யாரும் தெரியாமல் திருப்பிவிடக் கூடாது என்று அதன் மேலேயே குறுக்காக இன்னொரு பிளாஸ்திரி. அது பழுப்பேறிக் கிடந்ததைப் பார்த்தால் புதிதாக ஒட்டியது இல்லை என்று தெரிந்தது. ஸ்பீக்கரெல்லாம் ஜனங்களைப் பார்த்துத் திரும்பியிருந்ததால் மேடையில் எனக்குத் தெரியவில்லை, ஒரு வருஷமாக நான் எனக்கு மட்டும் வாசித்திருக்கிறேன்.

அண்ணனிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "கோவிச்சுக்காதம்மா. கிட்டாரு வச்சிக்கினு ஒரு பொண்ணு நின்னா மேடைக்கே ஒரு களை. நீ நிக்கிறதே போதும்." அதைப் பிரியமாகத்தான் சொன்னார். அந்தப் பிரியம்தான் எனக்குத் தாங்கவில்லை. அம்மாவிடம் கூடச் சொல்லாமல் அழுதேன். பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்கென்று ஒரு ஆம்ப்ளிஃபயர், எனக்கென்று ஒரு ஸ்பீக்கர் பெட்டி. என் பின்னாலேயே நிற்க வேண்டும். அதன் குமிழ் வேறு யார் கையிலும் இருக்கக் கூடாது.

விசாரித்ததில் எல்லோரும் சொன்ன பெயர் தரணேந்திரன். திண்டிவனம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கடை. என் வயதுதான் இருக்கும். செஞ்சிப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பிள்ளை. ஊரெல்லாம் அப்போது டிரான்சிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்ததால், வீசியெறியப்பட்ட வால்வு ரேடியோக்கள் எல்லாம் அவர் கடையில்தான் தஞ்சம். வால்வு என்றால் கட்டைவிரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குப்பி. சூடேறினால் உள்ளே செக்கச்செவேலென்று ஒரு கம்பி தெரியும். டிரான்ஸ்பார்மருக்குச் செம்புக் கம்பியைக் கூட அவரே கையால் சுற்றுவார். சுற்றும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை போய்விடும் என்று வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வார். வாய் திறக்காமலிருக்க அது அவருடைய உபாயம்.

எதற்கு டீச்சர் உங்களுக்குத் தனியாக ஒன்று என்று முதல் நாளே கேட்டார். பிளாஸ்திரி கதையைச் சொன்னேன். ஒரு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம் இல்லையா?

ஸ்பீக்கர் பெட்டியை விழுப்புரத்தில் எங்கள் தெரு சவரிமுத்து ஆசாரி செய்தார். அவர் அதற்கு முன்னால் செய்திருந்த பெரிய வேலை எங்கள் கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டு. ஸ்பீக்கருக்கு முன்னால் சத்தம் வர வழி வேண்டும் என்று சொன்னதும் அவருக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்துவிட்டார். சாமியார் காது வைக்கும் இடத்தில் இருக்குமே, அதே சிலுவைத் துளை போட்ட பலகை. பெட்டியைப் பார்த்த அம்மா தன்னையறியாமல் சிலுவை போட நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனாள்.

இரண்டு மாதம் ஞாயிறு தோறும் பூசை முடிந்து திண்டிவனம் பஸ் ஏறினேன். கடையில் நாலரை மணிக்கு மேல் வேலை நடக்காது. பொழுது சாய்வதற்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும், அவர்கள் வீட்டு வழக்கம். "நான் போய்ச் சேரலன்னா எங்கம்மாவும் சாப்புடாதுங்க டீச்சர். அப்பால மறுநாள் காலையிலதான்" என்றார். அதனால் நாலு மெல்லிசைக் குழுக்களுக்கு ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்தவர், ஒரு கச்சேரியைக்கூடக் கேட்டதில்லை. எல்லாக் கச்சேரியும் அவர் சாப்பிட்ட பிறகுதானே ஆரம்பிக்கிறது!

இதன் விளைவு முதல் சோதனையில் தெரிந்தது. கிட்டாரைச் சொருகித் தட்டினேன். இளநீர் மாதிரி ஒரு சத்தம். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் குற்றம். லேடீஸ் வாசிப்பது என்பதால் மெத்தென்று வைத்திருப்பதாகப் பெருமையோடு சொன்னார். எனக்குக் கரகரப்பு வேண்டும் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கரகரப்போடு வரும் ரேடியோக்களைச் சரிசெய்துதான் அவர் பெயர் வாங்கியிருக்கிறார். காசு கொடுத்து ஒருத்தி நோயை வாங்க வந்திருக்கிறாள். "அப்படி ஒண்ணு என் கடையிலேருந்து போனா, தொழிலு தெரியாதவன்னு சொல்வாங்க டீச்சர்" என்றார். அடுத்த வாரம் இன்னும் மெத்தென்று ஆக்கி வைத்திருந்தார். அதற்கடுத்த வாரமும். நான் பேஜாராகிப்போய், இது நமக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று நினைக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் மூன்று மணிக்கு அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மல்லாட்டையை, அதுதான் நிலக்கடலையை, மேசையில் கொட்டினார். ஒரு பொட்டலத்தில் பச்சை, இன்னொன்றில் மணலில் வறுத்தது. இரண்டிலும் ஒன்றொன்று எடுத்து வாயில் போட்டதும் எனக்குச் சொல்ல வார்த்தை கிடைத்துவிட்டது. "தரணி சார், உங்க ஆம்ப்ளிஃபயரு பச்சை மல்லாட்ட. எனக்கு வறுத்தது வேணும்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். மல்லாட்டைச் சீமைக்காரரிடம் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"கருகக் கூடாது, இல்ல?"

"கருகக் கூடாது."

அதற்கடுத்த ஞாயிறு நான் ஒரு கம்பியைத் தட்டினேன். கேட் அருகே நின்ற மாட்டு வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். விடுதியில் கேட்டதும் அதுவும் ஒன்றில்லை. இது இன்னும் கொஞ்சம் நம்ம ஊர்ப் புழுதி சேர்ந்தது. எனக்கு அழுகை வந்தது, சிரித்துச் சமாளித்தேன். அப்போதுதான் பார்த்தேன், ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் வால்யூம் குமிழைக் காணோம். ஒரு ஆழமான துளை, அதன் அடியில் மெல்லிய தண்டு மட்டும் தெரிந்தது. விரல் நுழையாது. மறந்துவிட்டாரோ என்று அவரைப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து தந்த நிறத்தில் நீளக் கழுத்துள்ள ஒரு குமிழை எடுத்து என் கையில் வைத்தார். "வேணும்ங்கிற அளவுக்குத் திருப்பி வச்சிட்டு, உருவிப் பையில போட்டுக்கங்க டீச்சர். அப்பால ஒருத்தரும் தொட முடியாது." முதல் நாள் நோட்டில் குறித்துக்கொண்டது இதைத்தான் போலிருக்கிறது. ஆறுதல் சொல்லத் தெரியாதவர் என்று நினைத்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அதன் அரங்கேற்றம் ஒலக்கூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், கல்யாணப் பந்தலில். காலையில் பூசை, மதியம் பந்தி, பந்திக்குப் பாட்டு. பகல் நேரம் என்பதால் தரணேந்திரனும் வந்திருந்தார். பிரியாணிப் பந்தியில் அவருக்கு வாழைப்பழம்தான் கிடைத்தது. ஆம்ப்ளிஃபயரையும் பெட்டியையும் என் பின்னால் வைத்து, குமிழைப் பாதிக்கு மேல் திருப்பி, உருவி, அம்மாவின் கைப்பையில் போட்டேன். இரண்டாவது பாட்டின் நடுவில் கிட்டாருக்கு நாலு வரி இடம் இருந்தது. வழக்கமாக அங்கே தபேலா மட்டும் தனியாகக் கேட்கும்.

வாசித்தேன். பந்தியில் குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. பாட்டு முடிந்ததும் அருளப்பன் அண்ணன் அக்கார்டியனை மார்பில் தொங்கவிட்டபடியே என் பெட்டியிடம் வந்தார். முகப்பைத் தடவினார். துளையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"குமிழு எங்கம்மா?"

"அம்மா பையில இருக்குண்ணா."

முதல் வரிசையில் அம்மா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போனார். அடுத்த பாட்டில் இடையிசை வந்தபோது அவர் தம் வாசிப்பை நிறுத்திவிட்டு, என்னை நோக்கிப் புருவத்தை உயர்த்தினார். வாசி என்று அர்த்தம்.

ஓரத்து மூங்கிலருகே நின்ற தரணேந்திரனிடம் எப்படி இருக்கிறது என்று சைகையில் கேட்டேன். அவர் வாணலியின் பிடியைப் பிடித்துக் குலுக்குவதுபோல் காட்டினார். இன்னும் கொஞ்சம் வறுக்கட்டுமா என்கிறார்.

பாட்டெல்லாம் முடிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, தட்டிக்குப் பின்னாலிருந்த சமையல் கொட்டகையிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஒவ்வொருவராகப் பார்த்தார். "கரகரன்னு ஒண்ணு வாசிச்சாங்களே, அது யாருங்க?" என்று அண்ணனிடம்தான் கேட்டார். அண்ணன் என்னைக் காட்டினார். "நீயா வாசிச்ச? நான் யாரோ ஆம்பளயாள்னு நெனச்சிக்கினு வந்தேன்" என்று சொல்லிவிட்டு என் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கை சூடாக இருந்தது.

குழு சில வருஷங்களில் கலைந்தது. ஒரே ஆள் ஒரு கீபோர்டோடு வந்து முடித்துவிட்டுப் போகும் காலம் வந்தது. தரணேந்திரன் டி.வி. ரிப்பேருக்கு மாறி, சென்னைக்குக் குடிபோனார். ஒரு மழையில் என் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்பார்மர் நனைந்து கருகியது, அதைச் சுற்ற ஆள் இல்லை. கருகக் கூடாது என்றுதானே பேசியிருந்தோம். இப்போது எங்கே யார் எதை வாசித்தாலும் முகம்தான் முதலில் வருகிறது, சத்தம் அதற்குப் பின்னால்தான். நல்லதுதான், எத்தனையோ பெண்கள் வாசிக்கிறார்கள், யாரும் யாருக்கும் பிளாஸ்திரி ஒட்ட முடியாது. ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டு, இது யார் என்று ஈரக்கையோடு தேடிக்கொண்டு வருகிற ஆளை நான் அப்புறம் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் பெயர் தெரியாது. நான் நின்றதை அவர் பார்க்கவே இல்லை.