பாயின் நம்பருக்குப் போன ஓடிபி

எங்கள் ரூமில் பாயைச் சேர்க்காமல் ஆறு பேர். ஆறு பேருடைய மியூச்சுவல் ஃபண்டுக்கும் ஒரே போன் நம்பர்தான். அது பாயுடையது.

துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் நாங்கள் வேலை பார்த்த டைல்ஸ் கம்பெனியில் பாய் டைம் கீப்பர், வேலைக்கு வருகிறவர்களின் நேரத்தைக் குறித்து வைப்பவர். புதுக்கோட்டைக்காரனான எனக்கு அவருடைய கடற்கரை ஊர் ஒரு மணி நேரப் பயணம். ரூமில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நான் ஐந்தாம் வகுப்பு. மற்றவர்களும் கொஞ்சம் முன்னே பின்னே. அதனால் விசா பேப்பர், இன்சூரன்ஸ் எதுவானாலும் அவர் கட்டிலுக்குத்தான் போகும். ஃபண்டு சேர்ந்தபோதும் அவர்தான் எல்லோருக்கும் எழுதினார். போன் நம்பர் கேட்ட இடத்தில் தன் ஊர் நம்பரைப் போட்டார்.

"உங்க ஊர் சிம் எல்லாம் ரீசார்ஜ் இல்லாம செத்துக் கிடக்கு. அதுல போய் மெசேஜ் வந்தாலும் எவன் படிக்கிறது?" என்றார்.

சரியான பேச்சாகத்தான் பட்டது. ஆனால் அவர் மட்டும் ஃபண்டில் சேரவில்லை. "கண்ணால பாக்காத சரக்கு எனக்கு ஆகாது மாப்ளே, நான் மனை வாங்குற ஆளு" என்று சிரித்தார்.

மூன்று வருடத்துக்கு முன் பாய் விசாவை கேன்சல் செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார். போன இரண்டாவது மாதம் அவருடைய வாப்பா இறந்துபோனார். ரூமில் எல்லோரும் போன் போட்டு விசாரித்தார்கள். நான் போடவில்லை.

வேண்டுமென்று விட்டதில்லை. துக்க வீட்டுக்கு நேரில் போனால் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் போதும். போனில் எதையாவது பேச வேண்டும். என்ன பேசுவது? நாளைக்குப் போடலாம் என்று இருந்தேன். ஒரு வாரம் ஆயிற்று. நாற்பது நாள் ஆயிற்று. அதன்பிறகு போட்டால், இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். அவர் ரூமுக்குப் பேசும்போதெல்லாம் நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவேன்.

போன மாதம் கம்பெனியில் ஒரு லைனை மூடினார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களில் என் பெயரும் விசா கேன்சல் லிஸ்டில் வந்தது; இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. ஐம்பத்தொரு வயதில் ஊருக்குப் போய் யாரிடம் வேலை கேட்பது? மச்சினன் ஒரு பழைய லோடு வண்டியைப் பார்த்து வைத்திருந்தான். நல்ல இன்ஜின், செவ்வாய்க்கிழமை வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று வண்டிக்காரர் சொல்லியிருந்தார். அந்த வண்டி கிடைத்தால் பிழைத்துக்கொள்வேன். வீடு கட்டியதிலும் பெண்ணின் கல்யாணத்திலும் போகாமல் மிஞ்சியிருந்தது இந்த ஃபண்டு மட்டும்தான்.

பாய் ஊருக்குப் போகும் முன் என் போனில் ஆப் போட்டுக் கொடுத்திருந்தார். அதைத் திறந்து, விற்பதற்கு அவர் காட்டிய இடத்தை அழுத்தினேன். ஆறு இலக்க எண் ஒன்றைக் கேட்டது. அது எந்த நம்பருக்குப் போயிருக்கிறது என்று கடைசி இரண்டு எண்ணைக் காட்டியது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது பாயின் நம்பர். உடனே ஆப்பை மூடிவிட்டேன்.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று நாட்கள் போயின. வண்டிக்காரர் சொன்ன செவ்வாய்க்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. மார்க்கெட் இறங்கிக்கொண்டிருந்தது. ஃபண்டின் விலை நாளுக்கு ஒரு தடவைதான் மாறும். அது தெரிந்தும், அடுக்கி வைத்த டைல்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் போய் அரை மணிக்கு ஒரு தடவை பார்த்தேன். ஒவ்வொரு நாளும் சிவப்பு. வண்டி விலைக்கு மேல் ஃபண்டில் இருந்த மிச்சம் சுருங்கிக்கொண்டே வந்தது. பாயின் நம்பரை எடுப்பேன், வைப்பேன். சூப்பர்வைசர், "க்யா ஹுவா, தபியத் டீக் நஹி?" என்று, உடம்பு சரியில்லையா என இந்தியில் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு ஃபோர்க்லிஃப்டில் ஏறிக்கொண்டேன்.

வேறு வழி ஏதாவது இருக்கும் என்று நினைத்துப் புதன்கிழமை காலையில் பஸ் பிடித்து ஷார்ஜா போனேன். அங்கே ரோலா கடைத்தெருவில், விசா பேப்பர், ஃபாரம் எல்லாம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு டைப்பிங் சென்டர் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். போனை வாங்கிப் பார்த்தார்.

"இது ஆற்ற நம்பர் அண்ணை?"

"கூட இருந்தவர். இப்ப ஊர்ல இருக்கார்."

"அப்ப அவரிட்ட எடுத்துக் கேளுங்கோவன்."

"அவரைக் கேக்காம பண்ண முடியாதா?"

"நம்பர் மாத்தலாம். ஃபோம் நிரப்பி, கையெழுத்து வச்சு இந்தியாவுக்கு அனுப்போணும். ரெண்டு மூண்டு கிழமை செல்லும்."

இரண்டு மூன்று வாரத்தில் வண்டி எவனோ ஒருவன் வீட்டு வாசலில் நிற்கும். எனக்குப் பின்னால் நான்கு பேர் வரிசையில் இருந்தார்கள். அவர் என் முகத்தையும் கடிகாரத்தையும் பார்த்தார்.

"இந்தியாவில மூண்டு மணிக்குள்ள அடிச்சால்தான் இண்டைய விலை. நான் ஓடிபி அனுப்புறன். நீங்கள் கோல் எடுங்கோ."

என் போனைப் பார்த்துத் தன் கம்ப்யூட்டரில் கணக்கைத் திறந்து, என்னைக் கேட்காமலே அழுத்திவிட்டார். அந்த எண் பத்து நிமிடம்தான் உயிரோடு இருக்கும். இனி என்ன செய்வது? போனை வாங்கிப் பாய்க்குப் போட்டேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லு மாப்ளே. நம்பர் வந்திருக்கு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பாயே தொடர்ந்தார்.

"சனிக்கிழமையும் உன் பேரு போட்டு ஒண்ணு வந்துச்சு. அப்பவே நீ கூப்பிடுவேன்னு பாத்தேன். எங்க வாப்பா மௌத்துக்கு வராத போன் கால், ஓடிபிக்கு வந்திருக்கு. பரவால்ல, ஏதோ ஒண்ணுக்கு வந்துச்சே."

"பாய்..." என்றேன்.

"சொல்ல மாட்டேன்யா நம்பரை. மொதல்ல விசாரி. எப்படி இறந்தாருன்னு கேளு."

வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

"எப்படி பாய் ஆச்சு?"

அவர் சொல்லத் தொடங்கினார். வாப்பா விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து டீ கேட்டாராம். டீ வருவதற்குள் சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியில் பாயின் விரலைப் பிடித்திருந்தாராம். "பதினெட்டு வருசம் அங்கயே கெடந்தேன். அவருகூட இருந்தது ரெண்டு மாசம்" என்றார். நான் ம், ம் என்று மட்டும் சொன்னேன். அது போதுமாக இருந்தது. டைப்பிங் சென்டர்காரர் கையை விரித்துக் காட்டினார். எண் செத்துவிட்டது. அவர் அடுத்த ஆளின் பேப்பரை வாங்கிக்கொண்டார்.

பாய் மூக்கை உறிஞ்சினார். "சரி, அந்த நம்பர் செத்திருக்கும். எத்தனை தடவ வேணாலும் அனுப்புவாங்க. இன்னொண்ணு அனுப்பச் சொல்லு."

சென்டர்காரர் மறுபடியும் அனுப்பினார். இந்த முறை பாய் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். சென்டர்காரர் தட்டினார். விற்றாயிற்று.

"நம்பரையும் இப்பவே மாத்தி விடுறதோ? பழைய நம்பருக்கு ஓடிபி வருகுதெண்டால் இதிலயே மாத்தலாம்" என்று கேட்டார் டைப்பிங் சென்டர்காரர். எல்லாவற்றையும் நான் விற்கவில்லை. வண்டிக்கு வேண்டியது போகக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் தயங்கினேன். போனில் அது பாய்க்குக் கேட்டுவிட்டது.

"மாத்துய்யா! நாளைக்கு நான் மௌத்தாப் போனா உன் காசும் என்கூட கபுருக்கா வரும்? மத்தவனுங்களயும் மாத்தச் சொல்லு. ஊருக்கு வந்தும் நான் ஆறு பேருக்கு டைம் கீப்பர் வேலை பாத்துக்கிட்டுக் கெடக்கேன். என் வீட்டுல பேங்க்ல வேலைக்குச் சேந்துட்டீங்களான்னு கேக்குறா."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். இன்னொரு எண் வந்தது. அதையும் சொன்னார். ஃபண்டில் என்னுடைய இங்கத்து நம்பர் ஏறிவிட்டது.

திங்கட்கிழமை டியூட்டியில் இருந்தபோது என் போன் அதிர்ந்தது. இங்கிலீஷில் ஒரு மெசேஜ். எண்கள் இருந்தன, ஆனால் வந்த பணமா, வராத பணமா, விற்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பியதா என்று புரியவில்லை. ஃபோர்க்லிஃப்டை ஓரம் நிறுத்திவிட்டு அதைப் படம் எடுத்துப் பாய்க்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜில் அவர் குரல் வந்தது. "பேங்க்ல ஏறிடுச்சு மாப்ளே. எனக்கு அனுப்பிக்கிட்டு நிக்காத. வண்டிக்காரனுக்குப் போன் போடு."

போட்டேன். வண்டி எங்களுக்கென்று ஆன பிறகு, சாப்பாட்டு நேரத்தில் பாய்க்கு மறுபடியும் போட்டேன். கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. "சாப்பிட்டீங்களா பாய்?" என்றேன்.