கீழ்முதுகு, உள்ளே வாங்க

என் சித்திக்கு எக்ஸ்ரே அறையில் வேலை. பொத்தானை அழுத்துவது டெக்னீஷியன். ஆளைத் தூக்கி, திருப்பி, படுக்கவைத்து, அசையாமல் பிடிப்பது சித்தி. வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களைக் கூப்பிடுவதும் அவர்தான். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"நெஞ்சு வாங்க. முழங்கால், அடுத்து நீங்க. கழுத்து எங்கம்மா போச்சு? இப்பதானே இங்க இருந்துச்சு!"

தலை, கழுத்து, நெஞ்சு, வயிறு, முதுகு, இடுப்பு, கை, கால். மனித குலம் அவருக்கு இவ்வளவுதான். வயிறு என்று வந்தவர் விலாவைத் தடவுவார், இடுப்பு என்று வந்தவர் தொடையைக் காட்டுவார். எது எங்கே முடிகிறது என்று சித்தி விரல் வைத்துச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு எல்லாம் வயிறுதான்" என்பார்.

"மனுஷங்க ஒருத்தரும் வரலையா?" என்பார் சித்தப்பா. தினமும் இதே கேள்வி. சித்தி ஒருநாளும் சிரித்ததில்லை.

கொஞ்ச காலமாக அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். வலி முதுகில் தொடங்கி கெண்டைக்கால் வரை இறங்கியது. படம் எடுத்துப் பாருங்கள் என்றால், "எடுத்தா தெரிஞ்சுடும்டி" என்றார். தூக்க முடியாதவளுக்கு அந்த அறையில் என்ன வேலை? சித்தப்பாவுக்கு வேலை போனதிலிருந்து வீடே அந்த முதுகின் மேல்தான் நின்றது.

ஒரு காலையில் அவரால் காலை ஊன்றவே முடியவில்லை. நான்தான் அழைத்துப் போனேன். தினமும் தான் திறக்கும் கதவுக்கு வெளியே, பெஞ்சில் மற்றவர்களோடு உட்கார்ந்தார். கதவு திறந்தது. அவருடைய பழக்கம் டெக்னீஷியனுக்கும் தொற்றியிருந்தது.

"கீழ்முதுகு, உள்ளே வாங்க!"

சித்தி பக்கத்திலிருந்த பெரியவரின் தோளைத் தட்டினார். "ஐயா, கூப்பிடுறாங்க பாருங்க. எழுந்திருங்க."

"நான் முழங்கைம்மா."

"அப்ப கீழ்முதுகு யாருங்க? நேரம் போகுதுல்ல!"

"அக்கா," என்றார் டெக்னீஷியன் தயங்கி, "நீங்கதான்."

பெஞ்சே சிரித்தது. சித்தியும் சிரித்தார், சிரித்ததில் முதுகு சுண்டி இழுத்தது.

படம் எடுத்த பின் டெக்னீஷியன் அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "டாக்டர் சொல்வாருக்கா" என்றார்.

"அடப்பாவி, நான் ஊருக்கெல்லாம் சொல்றதை எனக்கேவா சொல்ற?"

இனி யாரையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கொடுக்க ஒரு நாற்காலி போட்டார்கள். சம்பளம் இறங்கியது.

அங்கிருந்து முதல் நாள் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றினார்.

"இன்னைக்கு என்னம்மா வந்துச்சு?" என்றார் சித்தப்பா.

"தெரியலைங்க. வாசல்ல இருந்து பார்த்தா எல்லாரும் முழுசாத்தான் இருக்காங்க."

பிறகு, "உட்கார்ந்தாலும் வலிக்குது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.